குட்டை விரலும் ரத்தக் கொதிப்பும்

“தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பிரஷர் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. பரம்பரையாக வருவதை மாத்திரை என்ன செய்துவிடும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு துருக்கிக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கருங்கடல் பக்கத்துக் குடும்பம் அது. பில்கிந்துரான் என்ற மருத்துவரும் சகாக்களும் 1973இல் அதைப் பற்றி எழுதினார்கள். அங்கே யாருக்கெல்லாம் கைவிரல் குட்டையோ, அவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மற்ற உறவினர்களைவிட உயரமும் சுமார் 10 செ.மீ. குறைவு. வைத்தியம் பார்க்காவிட்டால் 50 வயதுக்குள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தோ அடைத்தோ உயிர் போய்விடும்.

ஒரே மரபணுவால் வரும் ரத்தக் கொதிப்பில் பெரும்பாலும் சிறுநீரகம் உப்பைக் கையாள்வதில்தான் கோளாறு இருக்கும். இவர்களுக்கு அங்கே ஒரு பழுதும் இல்லை. பிறகு விரலுக்கும் அழுத்தத்துக்கும் என்னதான் உறவு? விடை கிடைக்க 2015 ஆயிற்று. பெர்லின் ஆய்வாளர்கள் பி.டி.ஈ.3ஏ என்ற மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

தமனிச் சுவரில் இருக்கும் தசை கால்சியம் நுழைந்தால் இறுகும், சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகினால் தளரும். அந்த மூலக்கூறைச் சிதைக்கும் நொதியைத் தருவதுதான் இந்த மரபணு. என் பெரியம்மா வீட்டில் காப்பியைக் குடித்து முடிக்கும் முன்பே டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டுவிடுவார். பிழைபட்ட நொதிக்கும் அதே அவசரம். தளரச் சொல்லும் மூலக்கூறைத் தங்கவே விடுவதில்லை. தசை இறுகியே கிடக்கிறது. தசைச் செல்களும் பெருகிச் சுவர் தடிக்கிறது. குழாயின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே ரத்தம் ஓடுவதற்கான தடை ஏறக்குறைய 50 சதவீதம் கூடிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். எலும்பு வளரும் குருத்தெலும்பிலும் இதே நொதி உண்டு. விரல் குட்டையானது அதனால்தான்.

நம்மில் பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணு காரணமில்லை. ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபுத்தொகுதியில் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் துளித்துளியாக ஏற்றும், இறக்கும். உப்பும் உடல் எடையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

“தலை சுற்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பரம்பரை என்று சொல்லி நிறுத்துவது இன்னும் மோசம். பலரும் சாப்பிடும் அம்லோடிபின், தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. தசையை இறுக்கியது தாத்தா தந்த மரபணுவானாலும் தட்டில் விழுந்த உப்பானாலும், அந்த வாசல் ஒன்றேதான்.