அன்டிவைரஸ் வாங்குமுன் ஒரு ஹார்ட் டிஸ்க்

உயர்தரப் பரீட்சை நெருங்கும் நாட்களில் மாத்தளை நகரின் எந்தக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கடந்தகால வினாத்தாள்களைப் பிரின்ட் எடுக்க வந்த பிள்ளைகள் பென்டிரைவுடன் காத்து நிற்பார்கள். இரத்தோட்டைப் பிள்ளையின் பென், உக்குவளைப் பிள்ளையின் பென், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் பென் எல்லாம் அடுத்தடுத்து ஒரே கணினியில் செருகப்படும். மாலையில் அவை வெவ்வேறு வீடுகளுக்குத் திரும்பிவிடும். கடைக் கணினியில் ஒரு வைரஸ் இருந்தால் அது அன்றைக்கே எல்கடுவைக்கும் போய்விடும், கந்தேநுவரவுக்கும் போய்விடும்.

இப்படி வருவனவற்றில் எல்லோருக்கும் பழக்கமானது ‘ஷோர்ட்கட் வைரஸ்’. பென்னைத் திறந்தால் நமது ஃபோல்டர்கள் வழக்கம்போலத் தெரியும். பெயர் அதே பெயர், மஞ்சள் படமும் அதே படம். இடது கீழ் மூலையில் மட்டும் வளைந்த ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் வேஷம் கட்டிய ஷோர்ட்கட். உண்மையான ஃபோல்டரை ‘மறைந்த கோப்பு’ என்று குறித்து வைரஸ் ஒளித்து வைத்திருக்கும். அம்புக்குறிப் படத்தை க்ளிக் பண்ணினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த கணமே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். கேட்ட கோப்பு கிடைத்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

படங்களும் பாடக்குறிப்புகளும் அழிந்துவிட்டன என்று நினைத்துப் பென்னை ஃபோர்மட் பண்ணிவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அவசரப்பட வேண்டாம், கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. முதலில் அன்டிவைரஸால் பென்னை ஸ்கேன் பண்ணுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் எல்லாம் மங்கலான படங்களாக மீண்டும் தெரியும். அவற்றைக் கணினிக்குக் கொப்பி பண்ணிக்கொண்ட பிறகு பென்னை ஃபோர்மட் பண்ணலாம்.

கைக்குக் கை மாறும் இந்தப் பயணம் புதியதல்ல. 1986இல் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’தான் ஐபிஎம் பிசி வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. தங்கள் மென்பொருளைத் திருட்டுக் கொப்பி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்றார்கள் அவர்கள். கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் வைரஸுக்குள்ளேயே இருந்தன. இணையம் வீடுகளை எட்டாத அந்தக் காலத்தில், 360 கிலோபைட் கொள்ளும் ஃப்ளொப்பி வட்டுகளில் தொற்றியபடியே அது அமெரிக்கா வரை போனது.

ஃப்ளொப்பிக்குப் பிறகு பென்டிரைவ் வந்தது. ஒரு காலத்தில் பென்னைச் செருகியதுமே அதிலுள்ள நிரலை விண்டோஸ் தானாக ஓடவிடும். 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் போன்றவை இந்த ‘ஒட்டோரன்’ வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. 2011 பெப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் மைக்ரோசொஃப்ட் அந்த வழியை அடைத்தது. அதன்பின் வைரஸ் ஓடுவதற்கு நம்முடைய விரல் தேவைப்பட்டது. ஃபோல்டர் வேஷம் நம்மை க்ளிக் பண்ணவைப்பதற்குத்தான்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். எந்த அன்டிவைரஸ் நல்லது?

எந்த அன்டிவைரஸும் முழுமையானது அல்ல. இது விற்பனைப் போட்டியில் சொல்லப்படும் குறை அல்ல, நிரூபிக்கப்பட்ட கணித உண்மை. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார். எந்த நிரலைக் கொடுத்தாலும் ‘வைரஸ்’ அல்லது ‘வைரஸ் இல்லை’ என்று பிழையே இல்லாமல் சொல்லும் ஒரு பரிசோதகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்தப் பரிசோதகரிடம் தன்னைப் பற்றியே கேட்கும். ‘நீ வைரஸ்’ என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடும். ‘நீ வைரஸ் இல்லை’ என்று வந்தால் உடனே மற்ற நிரல்களில் தொற்றும். பரிசோதகர் எதைச் சொன்னாலும் அது பிழையாகவே முடிகிறது. ஆகவே அப்படியொரு பரிசோதகரை யாராலும் எழுத முடியாது.

அதனால்தான் அன்டிவைரஸ் நிறுவனங்கள் பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலிட்டு ஒப்பிடுவது பழைய முறை. அறிமுகமில்லாத ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், அந்த நடத்தையை வைத்தே நிறுத்துவது புதிய முறை. இரண்டுமே தவறலாம். பட்டியல் பழையதாகிவிட்டால் முதல் முறை கிட்டத்தட்டப் பயனற்றது. அப்டேட் ஏன் முக்கியம் என்பது இதில் இருந்தே புரியும்.

வீட்டுக் கணினிக்கு என் பதில் இதுதான்: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டர் போதும். அதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசொஃப்டின் அப்போதைய இலவச அன்டிவைரஸுக்கு 2012இல் ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட் பரிசோதனைக்கூடம் சான்றிதழ்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அது பழைய கதை. கடந்த பல ஆண்டுகளாக அதே கூடத்தின் பரிசோதனைகளில் டிஃபெண்டர் காசுக்கு விற்கும் மென்பொருள்களோடு சமமாக நிற்கிறது. காசு கொடுத்து வாங்க விரும்பினால் தடையில்லை. சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவை நம் அயலிலேயே உருவானவை. வாங்குமுன் ஏவி-டெஸ்ட், ஒஸ்ட்ரியாவின் ஏவி-கொம்பரேட்டிவ்ஸ் போன்ற சுயாதீனக் கூடங்களின் அண்மைய முடிவைப் பாருங்கள், விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம்.

இலவசம் என்றாலும் கவனம் வேண்டும். அவாஸ்ட் தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விபரத்தை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதற்கு ஒரு கோடியே 65 லட்சம் டொலர் செலுத்தும்படி விதித்தது. பாதுகாப்புக்காக நம்பி நிறுவியதே நம் வீட்டு விபரத்தை விற்றது என்பது எனக்குப் பெரிய விடயமாகவே படுகிறது.

இரண்டு அன்டிவைரஸை ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதிக் கணினியை முடக்கிவிடும். புது லெப்டொப்புடன் வரும் பரீட்சார்த்த அன்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டால் அதை நீக்கிவிடுங்கள். உங்கள் அன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எய்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சோதனைக் கோப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனாலும் அதைக் கண்டதும் எச்சரிக்கை எழுப்ப வேண்டும் என்பது அன்டிவைரஸ் நிறுவனங்களுக்கிடையிலான உடன்பாடு. அதைத் தரவிறக்கியும் எச்சரிக்கை வரவில்லை என்றால் பாதுகாப்பு வேலை செய்யவில்லை.

ஏன் வேலை செய்யாமல் போகிறது? நம் பகுதியில் கணினி வாங்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. பழைய லெப்டொப் ஒன்றை வாங்கி, கடையில் கொடுத்து விண்டோஸ் போடச் சொல்கிறோம். பல இடங்களில் போடப்படுவது க்ரெக் பண்ணிய விண்டோஸ், க்ரெக் பண்ணிய ஒஃபிஸ், க்ரெக் பண்ணிய ஃபொட்டோஷொப். க்ரெக்கை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் முதலில் டிஃபெண்டரை நிறுத்துவார்கள், அல்லது முழு சி டிரைவையும் ‘இதைச் சோதிக்காதே’ என்ற பட்டியலில் போட்டுவிடுவார்கள். அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். நல்ல பெயருள்ள ஓர் அன்டிவைரஸ் திரையின் மூலையில் தெரியும், ஆனால் அதன் கண் கட்டப்பட்டிருக்கும். இன்றே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பகுதியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடாத எது இருந்தாலும் நீக்குங்கள்.

இந்தக் கதவு வழியாக வரும் மிகக் கொடியது ‘ஸ்டொப்’ அல்லது ‘டிஜாவு’ என்று அழைக்கப்படும் கப்பம் கேட்கும் நிரல். பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கணினிகளையே குறிவைப்பது இது. க்ரெக், கீஜென், எக்டிவேட்டர் என்ற பெயர்களில் வந்து சேரும். ‘நிறுவுமுன் அன்டிவைரஸை நிறுத்தவும்’ என்ற அறிவுறுத்தலை நாமே பின்பற்றிக் கதவைத் திறந்துவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் எல்லாப் படங்களின், ஆவணங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருக்கும். ஒன்றும் திறக்காது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் இருக்கும்: 980 டொலர் தா, 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை. ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்திடம் போய்க் கேட்கும் தொகையா அது?

அந்தக் கணினியில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பிள்ளையின் செயற்திட்டம், அக்காவின் கல்யாண எல்பம், காணிப் பத்திரத்தின் படம், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழின் ஸ்கேன். கடைசியாகச் சொன்னதன் மூலப்பிரதி கறையான் அரித்துக் கந்தலாகிவிட்ட வீடுகளும் உண்டு. வைரஸ் தின்ற விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். இவற்றை மறுபடி எங்கே வாங்குவது?

ஆகவே கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அன்டிவைரஸ் சந்தாவை விட்டுவிட்டு வெளியே செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்குங்கள். வாரம் ஒருமுறை செருகி, முக்கியமானவற்றைக் கொப்பி பண்ணி, உடனே கழற்றி அலுமாரியில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். செருகியே இருந்தால் கப்ப நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இதை நம் அரசாங்கமே பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2023 ஆகஸ்ட் இறுதியில் லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட் என்ற அரச கணினிக் கட்டமைப்பில் கப்ப நிரல் புகுந்தது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்களை மீட்க முடியவில்லை. காலங்கடந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மின்னஞ்சல் மென்பொருள் ஒரு காரணம். அந்த மாதங்களுக்கு, கட்டமைப்பில் இருந்து பிரித்து வைத்த பிரதி இல்லாதது இன்னொரு காரணம். இணைந்திருந்த பிரதியும் கூடவே பூட்டப்பட்டுவிட்டது.

பிரதிகள் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மாத்தளையிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. பொதுயுகத்துக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அலுவிகாரையில் பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் வடிக்கப்பட்டது. பஞ்சத்திலும் போரிலும் ஓதிக் காப்பவர்கள் இறந்துபோனால் எல்லாமே போய்விடும் என்ற அச்சம்தான் எழுதவைத்தது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. திரிபிடகம் அழியவில்லை. அதற்கு முன்பே படியெடுக்கப்பட்டு மற்ற விகாரைகளுக்கும் கடல் கடந்தும் போயிருந்தது.

அப்டேட்டைப் பற்றி ஒரு சொல். கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணையம் எடுக்கும் வீடுகளில், டேட்டா மிச்சம் பிடிக்க விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று மாற்றி வைக்கிறோம். அப்படி வைத்தால் அப்டேட்டுகள் தங்கிவிடும். 2017 மே 12 அன்று தொடங்கி 150 நாடுகளில் பரவிய வொன்னாக்ரை என்ற கப்ப நிரல், மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இல், அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அடைப்பைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டின. மாதம் ஒருமுறையாவது, பாடசாலையிலோ நண்பர் வீட்டிலோ நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்தில் அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசொஃப்ட் கணக்குடன் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அடைப்புகள் கிடைக்கும். அதற்குப் பிறகு, 11ஐத் தாங்காத பழைய லெப்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற வேறோர் இயங்குதளத்தைப் போடலாம். அதற்குக் காசும் இல்லை, க்ரெக்கும் தேவையில்லை.

எல்லாம் மீறிக் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால், உடனே இணையத்தைத் துண்டியுங்கள், செருகியிருக்கும் பென்னைக் கழற்றுங்கள். கப்பம் கட்ட வேண்டாம். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2006இல் இருந்து இயங்கும் இலங்கை சேர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள், ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். டிஜாவுவின் 148 வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் இலவசக் கருவியை எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்டது. கணினி இணையத்தில் இல்லாதபோது பூட்டப்பட்ட கோப்புகளைப் புதிய வகைகளிலும் சில வேளை திறக்க முடிகிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நிரல் வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பின் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே குழப்புகிறது. சின்னப் படத்துக்கு அதுவே போதும் சாக. ஆனால் கல்யாண வீடியோவின் பெரும்பகுதி உள்ளே அப்படியே கிடக்கிறது, தலைப்பகுதியைச் சரிசெய்யும் கருவிகளால் அதை மீட்டெடுக்கலாம்.