செக்கப் பக்கத்தில், பிரசவம் எங்கே?

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். பாதியில் ‘டர்’ரென்று ஒட்டு பிரிந்துகொள்கிறது. மறுபடி இறுக்கிச் சுற்றி அடித்தால் பிரஷர் ஏறிக் காட்டுகிறது. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்க, “உடம்பக் குறைம்மா” என்று ஒரு சொல் வந்து விழுகிறது. பருமனான கர்ப்பிணிகளில் பலர் அடுத்த செக்கப்பைத் தள்ளிப்போடுவது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அதற்கென்று பெரிய பட்டை தனியாக உண்டு. “பெரிய கஃப் இருக்கா சிஸ்டர்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கூச்சத்துக்கு அடுத்த தடை தூரம். விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் இருந்து சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி மூன்றும் ஏறத்தாழ 20, 25 கிலோமீட்டர். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைப்போல இரண்டு மடங்கு தூரம். அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; அதற்கு முன்பு கை மீறிய கேஸ் என்றால் மதுரைதான். பகலில் இந்தத் தூரம் பெரிதில்லை. கடைசி பஸ் போன பிறகு, கரிசல்காட்டு ரோட்டில், வலியெடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கும்போதுதான் அது பெரிதாகிறது. எடை கூடிய பெண்ணுக்கு அந்த யோசனையை ஐந்தாம் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

எடை கூடியவர் என்று யாரைச் சொல்வது? கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. நம் ஊரில் சாதாரணமாகக் காணும் 150 சென்டிமீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்கு 56 கிலோவைத் தாண்டினால் பி.எம்.ஐ. 25 ஆகிறது. 68 கிலோவில் 30, 79 கிலோவில் 35, 90 கிலோவில் 40. கர்ப்பத்துக்கு முன்பு அல்லது முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்த எடைதான் கணக்கு. எட்டாம் மாத எடையை வைத்துப் பயப்படக் கூடாது. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பி.எம்.ஐ. 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆக, இது யாரோ ஓரிருவர் சங்கதி இல்லை.

உடம்பு பூசினாற்போல் இருந்தால் ரத்தம் நிறைய இருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அதே ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருமனும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கலாம்.

பருமனான பெண்களில் ஏராளமானோர் சிக்கலில்லாமல் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தை பெரிதாக வளர்தல், தோள் சிக்குதல், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல். ஸ்கேனில் குழந்தை தெளிவாகத் தெரியாமல் போகலாம். முதுகில் ஊசி போட இடம் பிடிப்பது மயக்க மருத்துவருக்குச் சிரமமாகலாம். இவற்றில் பாதி, மாதாந்திர செக்கப்பில் பிடிபடக் கூடியவை. மீதிப் பாதி பிரசவ மேசையில்தான் தெரியவரும்.

அதனால்தான் செக்கப் எங்கே, பிரசவம் எங்கே என்று இரண்டு கேள்விகளாகக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாக்கி, “எந்த ஆஸ்பத்திரி ராசி?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுகிறோம்.

செக்கப்புக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே நல்லது. பக்கத்தில் இருந்தால்தான் தவறாமல் போவோம். பன்னிரண்டு வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்து ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணில்தான் நிற்கின்றன. எடை கூடியவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்த அழுத்தம் வரும் ஆபத்து இருப்பவர்களுக்குச் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பது மூன்றாம் மாத முடிவில். ஆறாம் மாதம் போய் நின்றால் அந்த வாய்ப்பு கடந்திருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் வேண்டும். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அன்று செக்கப் கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அழ வேண்டியதில்லை. ‘இவரை முதலில் கவனி’ என்று அடுத்த மருத்துவமனைக்குச் சொல்லும் சீட்டு அது.

பிரசவத்துக்கு வேறு கணக்கு. சுகப்பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகளே அருமையாகப் பார்த்துவிடுவார்கள்; தமிழ்நாட்டின் பெருமைகளில் அதுவும் ஒன்று. பிரிட்டனிலும் மருத்துவர் இல்லாமல் மகப்பேறு செவிலியர் மட்டுமே பார்க்கும் பிரசவ நிலையங்கள் உண்டு. ஆனால் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களை அங்கே வைத்துக்கொள்ளாமல், மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கே வரச் சொல்கிறார்கள். 30-க்கும் 35-க்கும் நடுவில் என்றால் ஆளைப் பார்த்து முடிவு. நமக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

மருத்துவமனையின் பெயரோ ஏ.சி. ரூமோ உங்களுக்குப் பெரிதாகத் தோன்ற வேண்டாம். அரசு என்றால் ‘சீமாங்’ மையமா என்று கேளுங்கள். இரவும் பகலும் சிசேரியன், ரத்தம், பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மூன்றும் இருக்க வேண்டிய இடம் அது. தனியார் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு மயக்க மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, போன் போட்டு வெளியூரில் இருந்து வர வேண்டுமா? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே பார்ப்பீர்களா, அனுப்புவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் நான் அங்கே படியேற மாட்டேன். பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால் எட்டாம் மாதத்திலேயே மயக்க மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. “வெயிட் ஜாஸ்தி, ஆபரேஷன்தான்” என்று முதல் நாளே சொன்னால், வேறு காரணம் என்ன என்று கேளுங்கள். எடை மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது.

திட்டத்தைக் கலைப்பது பெரும்பாலும் வளைகாப்புதான். தலைப்பிள்ளை என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். சாத்தூர்ப் பக்கம் செக்கப் பார்த்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் போய் இருப்பார். அங்கே அவருடைய சர்க்கரையும் பிரஷரும் யாருக்கும் தெரியாது. கார்டு மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கும். வளையல் அடுக்கும் முன்பே, அம்மா ஊர் நர்சம்மாவிடம் சொல்லி, பிரசவ மருத்துவமனையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். கோவில்பட்டி கிட்டமாக இருந்தால், மாவட்டம் மாறுகிறதே என்ற தயக்கம் வேண்டாம். வலி வந்தபின் கிளம்புவதா, முன்பே போய்ப் படுப்பதா, படுப்பதென்றால் எந்த வாரத்தில் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். 108-ஐ நம்பலாம், ஆனால் அது வந்து, போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கட்டுச்சோறுமாக வருவார்கள். பி.எம்.ஐ. 30-க்கு மேல் உள்ளவருக்குக் கர்ப்பகாலம் முழுதும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும். அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. கர்ப்பத்தில் எடை குறைக்கும் விரதம் ஆகாது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடை ரொம்ப அவசியம்.

அந்த வேலையில் ஒரு நாள் செக்கப் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்து, சந்தாவும் சரியாகக் கட்டப்பட்டிருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் பேறுகாலப் பணம் உண்டு. பீஸ் கணக்கில், பட்டியலில் ஏறாமல் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது கிடையாது. அவர் செக்கப்பைத் தவறவிட்டால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், உதிரப்போக்கு இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த 9-ஆம் தேதி கர்ப்பிணியோடு கணவரோ தாயோ கூடப் போய், எந்த மருத்துவமனையில் பிரசவம் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தப் பெயரைக் கார்டின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதி வாங்கி வாருங்கள்.