கொட்டிலுக்குள் முளைத்த சங்குப்பூ

2010 ஆம் ஆண்டு புரட்டாதி மாதம், வன்னியில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த குடும்பங்களுக்குக் கத்தரி, வெண்டி விதைகளைக் கொடுத்தபோது சிறு பொட்டலமொன்றில் சங்குப்பூ விதையும் கொடுத்தோம். சிலர் இதைக் காக்கணம் என்பர். “பூக்கொடியோ சுவாமி சோறு போடும்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தகரக் கூரையின் கீழ் ஒரு நண்பகலைக் கழித்தவருக்கு, மேற்குப் பக்கத்தை மறைத்துப் படரும் கொடியின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை. அத்துடன், அடுத்தவர் காணியில் இருப்பவருக்குத் தென்னையோ மாவோ நட மனம் வராது. சங்குப்பூவோ விதைத்து இரண்டு மாதமளவில் பூக்கத் தொடங்கிவிடும்.

நாம் விட்ட பிழை வேறு. விதையைக் கொடுத்தோமே தவிர, அதை முளைக்க வைக்கும் முறையைச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளைத்திருந்தது. அம்மம்மா ஒருவர் வெறுந்தரையைக் காட்டி, “என்ர கைராசி போட்டுது சுவாமி. ஊரோட அதுவும் போட்டுது” என்றார். இன்றும் அந்தச் சொல் எம்மை உறுத்துகின்றது. குற்றம் அவருடைய கையில் இல்லை, விதையின் தோலிலேயே இருந்தது.

சங்குப்பூ அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தது. முற்றிய விதையின் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. விதையில் ‘கண்’ போன்ற ஒரு தழும்பு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் மெல்லக் கிள்ள வேண்டும். நகவெட்டி இல்லையேல் சீமெந்துத் தரையில் தேய்க்கலாம். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடவும். பின் இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊற விடவும். விடியும்போது ஊதியிருப்பவை விதைக்கத் தயார். ஊதாததை மறுபடி கிள்ளி ஊறவைக்கலாம்.

விதைப்பதைக் கூரையின் கீழே செய்வதே நல்லது. மாரி மழை அடித்தால் இளநாற்று அழுகும். அதற்கு முன்னர் வெளியே விதைத்தாலோ குடத்தில் சுமந்த தண்ணீரை வெயில் குடித்துவிடும். கோழியின் கிளறலைச் சொல்லவே வேண்டாம். புரட்டாதித் தொடக்கத்தில் கொட்டிலுக்குள் விதைத்தால், நிலம் நனையும் நேரத்தில் நாற்று ஆயத்தமாகிவிடும்.

இதன் ஆணிவேர் கலைப்பதை விரும்பாது. ஆகவே பழைய பத்திரிகைத் தாளைச் சாண் உயரக் குழாயாகச் சுற்றி, மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பி, அடியில் ஓட்டையிட்ட பால்மாப் பேணியில் நெருக்கி நிறுத்துங்கள். அரை அங்குல ஆழத்தில் ஒரு விதை போதும். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். முளை கண்டதும் காலை வெயில் படும் வாசலோரத்துக்கு மாற்ற வேண்டும்; இருட்டில் விட்டால் வெளிறி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர். நாற்றுகள் அடித்தண்டு கறுத்து விழுவது பெரும்பாலும் அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீரால்தான்!

நாலைந்து இலை வந்ததும் ஒரு வாரம் சிறிது சிறிதாக வெளியே வைத்துப் பழக்கி, மழை ஈரத்தில் தாளோடு சேர்த்து நடலாம். படர ஒரு கயிறு, ஆட்டுக்கு எட்டாத வேலி, இவ்வளவே. ஆட்டுக்கு இது விருந்து. விதையும் வேரும் பேதியாக்கும். சிறுவர் வாயில் போடாமல் பார்க்கவும்.

காய் பழுப்பானதும், வெடிக்குமுன் பறித்து உலர்த்துங்கள். ஒரு நெருப்புப்பெட்டிக்குள் பல கொடிகளுக்கான விதை அடங்கும்.

அந்த அம்மம்மாவுக்கு இரண்டாம் முறை விதையையும் நகவெட்டியையும் சேர்த்தே கொடுத்தோம். இப்போது சொந்த வளவில் இருக்கிறார். படலையில் நீலமும் வெள்ளையும் படர்ந்திருக்கின்றன. யாரேனும் விதை கேட்டால், ஒவ்வொன்றையும் தானே கிள்ளித்தான் கொடுக்கிறார்.