தூக்கிய ஜீப்பை இறக்குவோம்

சுங்கை காடுட் தோட்டத்துச் சாலையில், செம்பனைக் குலைகளை உயர அடுக்கிய லோரி வளைவில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர்ந்தால் எடை மையமும் உயரும். சேற்றில் ஓட்டுவதற்காகத் தூக்கிக் கட்டிய ஜீப்புக்கும் அதே கதிதான். எடை மையம் 75 சென்டிமீட்டரிலிருந்து 85 ஆனால், கவிழாமல் தாங்கும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும்.

பழைய உயரத்துக்கு இறக்கும்போது ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். அது இடம் விட்டு நழுவலாம். அளவான ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் பொருத்துங்கள். பெரிய டயர் உரசும், அதையும் மாற்றுங்கள். பிரேக் குழாயைப் பாருங்கள். சக்கர நேர்நிலையையும் முன்விளக்கையும் சரிசெய்யுங்கள்.

அந்த ஜீப்பில் நம் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி வருகிறார்கள். அவர்கள் பத்திரமாக வீடு சேரவேண்டும்.