பட்டத்தைப் பறித்த பதிவுத் திருமணம்

மண உறவில் நேர்மை தவறுவதும் மணமுறிவும் ஆட்சியில் இருப்பவரின் அரசியல் வாழ்வைக் குலைத்துவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாறு இக்கருத்துக்கு நேர்மாறான ஒரு நிகழ்வைக் காட்டுகிறது. அங்கே அரசர் ஒருவர் தம் ஆட்சியை இழந்தது எவருக்கும் துரோகம் இழைத்ததால் அன்று, ஒரு பெண்ணைச் சட்டப்படி, ஊரறிய மணந்ததால்தான்.

1886இல் சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்து, 1894இல் முழு அதிகாரம் பெற்ற மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், நாற்பது வயதை நெருங்கும்வரை மணம் புரியாதிருந்து, 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் புதுக்கோட்டைக்கு வந்த தம்பதியரால் சில மாதங்களே அங்கு வாழ முடிந்தது. கருவுற்றிருந்த மாலிக்கு அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதாகப் பேச்சு எழுந்த நிலையில், 1916இல் இருவரும் ஆஸ்திரேலியா சென்றனர். மகன் மார்த்தாண்ட சிட்னி அங்கேதான் பிறந்தான்.

ஆங்கில அரசு இம்மணத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் மாலியைப் பட்டத்தரசியாக ஏற்கவும், அவர் வயிற்றில் பிறக்கும் மகனுக்கு வாரிசுரிமை அளிக்கவும் மறுத்தது. சமஸ்தானத்தின் உள்நாட்டு ஆட்சி மன்னரிடம் இருந்தாலும், அடுத்த மன்னர் யார் என்பதை ஒப்புக்கொள்ளும் உரிமை ஆங்கில முடியிடமே இருந்தது. மேலாதிக்க உரிமை என்று அழைக்கப்பட்ட இதன் துணையோடு, மன்னரின் இல்லறத்திற்குள் அரசாங்கம் நுழைய முடிந்தது. ஆனால் ஒழுக்கத்தைக் காப்பது அதன் நோக்கமாக இருந்ததாகக் கொள்வதற்கில்லை. மனைவியர் பலரையும் ஆண் வாரிசுகளையும் உடைய கபூர்தலா மன்னர் ஜகத்ஜித் சிங், 1908இல் அனிதா டெல்காதோ என்ற ஸ்பானிய நடனப் பெண்ணையும் மணந்தார். அரசியாக அவரை ஆங்கிலேயர் ஏற்கவில்லை எனினும், பின்னர் அம்மணம் முறிந்தபோதும் மன்னரின் அரியணைக்கு ஊறு நேரவில்லை. அங்கே வாரிசுகள் முன்பே இருந்தனர். புதுக்கோட்டையிலோ வெள்ளைக்காரத் தாய்க்குப் பிறந்த பிள்ளையே அரசனாகும் நிலை இருந்தது. பலதார மணத்தைப் பொறுத்துக்கொண்ட ஆட்சி ஒருதார மணத்தைத் தண்டித்தது என்பதே இதன் பொருள். இதை நீதி என்று எவ்வகையிலும் ஏற்க இயலாது.

வாரிசு பற்றிய இதே கவலை இங்கிலாந்திலும் வெளிப்பட்டது. 1936இல், மணமுறிவு பெற்ற வாலிஸ் சிம்சனை மணப்பதற்காக எட்டாம் எட்வர்டு முடி துறந்தபோது, அவருடைய வழித்தோன்றல்களுக்கு அரியணை உரிமை இல்லை என்று சட்டமே இயற்றப்பட்டது.

தொண்டைமான் தம் மகனின் உரிமைக்காக முயன்றும் பயன் விளையவில்லை. 1922இல் ஆட்சிப் பொறுப்பு, மன்னருக்குப் பதிலாக ஆள்பவர் எனப் பொருள்படும் ரீஜென்ட் என்ற நிலையில், அவருடன் பிறந்த ரகுநாத பல்லவராயரிடம் சென்றது. மன்னர் பிரான்சில் வாழ்ந்து, 1928இல் பாரிசில் மறைந்தார். சிட்னி ஒதுக்கப்பட்டு, அரச குடும்பத்தைச் சேர்ந்த இராஜகோபாலத் தொண்டைமான் என்ற சிறுவருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. அவர் இறுதிவரை மணம் புரியவில்லை. 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபோது, அத்தனை கவனமாகக் காக்கப்பட்ட அரியணையும் இல்லாமற்போயிற்று.