காரில் ஓர் அலைபெருக்கி

அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பெற்றோரின் காரில் பொருத்தவென்று 'சிக்னல் பூஸ்டர்' என்னும் அலைபெருக்கியை அன்போடு வாங்கி வரக்கூடும். அக்கருவியைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

திருவானைக்காவலிலிருந்து காரில் புறப்படும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் கைப்பேசிக்குக் குறைவில்லை. துறையூரைக் கடந்து பச்சைமலை ஏறும்போதோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதோ அலை மங்குகிறது. மலைமுகடுகள் கோபுரத்தின் அலையை மறைக்கின்றன. காரின் இரும்புக் கூடு எஞ்சியதையும் குறைக்கிறது. முதியவர் ஒருவருக்கு அவ்வேளை நெஞ்சுவலி வந்தால் என் செய்வது? இவ்வச்சமே அலைபெருக்கியை நாடத் தூண்டுகிறது.

கருவி இயங்கும் விதம்

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. காரின் கூரைமேல் நிற்கும் ஆன்டெனா கோபுரத்தின் அலையைப் பெறுகிறது. பெருக்கி அதற்கு வலுவூட்டுகிறது. உள்ளே இருக்கும் சிறு ஆன்டெனா அதைக் கைப்பேசிக்கு வழங்குகிறது. கைப்பேசியின் மறுமொழியும் இவ்வழியே பெருகிக் கோபுரத்தை அடைகிறது. ஆயினும் அலையே இல்லாத இடத்தில் இக்கருவி எதையும் படைக்காது. இருக்கும் சிறிதையே பெருக்கும்.

கோவில் ஒலிபெருக்கியின் அருகே மைக்கைக் கொண்டுசென்றால் காதைத் துளைக்கும் ஊளை எழுவதை நாம் அறிவோம். தன் ஒலியைத் தானே கேட்டு மீண்டும் பெருக்குவதால் வரும் கேடு அது. காரின் இரு ஆன்டெனாக்களும் மிக நெருங்கியிருப்பின் அலைபெருக்கியும் அவ்வாறே ஊளையிடும். அவ்வூளை நம் செவிக்குக் கேளாது, கோபுரத்திற்குக் கேட்கும். அவ்விரைச்சலில் தொலைவிலிருந்து பேசுவோரின் மெல்லிய அலை அமிழ்ந்து போகும். நம் கார் கடந்து செல்லும் சிற்றூரில் ஒரு தாய் 108-ஐ அழைத்துக்கொண்டிருக்கலாம். அறுபடுவது அவ்வழைப்பாகவும் இருக்கக்கூடும்.

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஊளையைத் தானே உணர்ந்து அடங்கும் கருவிகளுக்கு இடமளிக்கப்பட்டது. அவற்றையும் தொலைபேசி நிறுவனத்திடம் பதிவு செய்தல் வேண்டும். பிரிட்டனும் 2018-இல் வாகனங்களுக்கான குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு இசைவளித்தது.

நம் நாட்டிலோ நிலை வேறு. வானொலி அலைக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் அலைபெருக்கியை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் முறையன்று என மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கு அறிவித்தது. ஆகவே அயல்நாட்டில் முறையானதாயிற்றே என்று கொண்டுவருதல் தகாது. வாங்கிவர எண்ணும் பிள்ளைகளுக்கு இதை முன்னரே எழுதிவிடுவது நன்று.

நாம் செய்யக்கூடியவை

மலைப்பயணத்திற்கு முன் வழிப்படத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். அலை மங்கினால் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, இறங்கி, வெட்டவெளியான மேட்டில் நின்று பேசுங்கள். இரும்புக் கூட்டின் தடை அகலும். பேச இயலாதபோதும் குறுஞ்செய்தி சென்று சேர்வதுண்டு. ஆபத்தில் 112-ஐ அழையுங்கள். நம் நிறுவனத்தின் அலை இல்லாவிடினும், வேறு நிறுவனத்தின் அலை இருப்பின் அதன் வழியே கைப்பேசி தொடர்புகொள்ள முயலும்.

ஓர் ஊரிலேயே எந்நாளும் அலை குறைவெனில், நிறுவனத்தின் 198 என்னும் புகார் எண்ணுக்குத் தெரிவியுங்கள். ஊரார் கூடி மனுவும் எழுதலாம். நிறுவனமே முறைப்படி அமைக்கும் கருவி அனைவருக்கும் பயன் தரும்.

தெருக்குழாயில் மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுபவரின் தொட்டி நிரம்பும். அடுத்த வீட்டுக் குடம் வெறுமையாய் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இவ்வலையும் அத்தகைய பொதுக்குழாயே. நம் வீட்டாரின் நலத்திற்கென நாம் தேடும் வழி, அயலாரின் அவசரக் குரலை அடைத்துவிடலாகாது.