வெற்றிடத்தைக் கட்டும் வேதியியல்

வேதியியல் பாடத்தில் பந்துகளையும் குச்சிகளையும் கோத்து மூலக்கூறு மாதிரிகள் செய்திருப்பீர்கள். கறுப்புப் பந்து கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். துளை இருக்கும் இடத்தில்தான் குச்சியைச் செருக முடியும். இந்தச் சின்ன விஷயத்தை யோசித்துப் பார்த்த ஓர் ஆசிரியர், 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். பரிசு வந்தபோது அவருக்கு வயது 88.

அவர் பெயர் ரிச்சர்ட் ராப்சன், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1974இல், மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மரப்பந்துகளில் துளையிடும்படி பட்டறைக்கு அனுப்பினார். எந்த அணுவுக்கு எந்த இடத்தில் துளை என்று அவர்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். துளைகள் சரியாக அமைந்துவிட்டால், கோக்கும்போது மூலக்கூறின் வடிவம் தானாகவே வந்துவிடுகிறது. அப்படியானால், அணுக்களின் இந்த இயல்பைப் பயன்படுத்தி, மூலக்கூறுகளையே செங்கல்போல இணைத்துப் புதிய பொருள்களைக் கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது.

அதைச் சோதித்துப் பார்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வைரத்தின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு கார்பன்களோடு நான்முகி வடிவில் பிணைந்திருக்கும். ராப்சன் கார்பனுக்குப் பதிலாகச் செம்பு அயனியை எடுத்துக்கொண்டார். அதுவும் நான்கு திசைகளில் பிணைப்பை விரும்பும். அதோடு நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறைச் சேர்த்தார். ஒவ்வொரு கையின் நுனியிலும் செம்பு அயனியைக் கவரும் நைட்ரஜன் இருந்தது. இரண்டையும் கலந்தால் சிக்கு விழுந்த நூல்கண்டுபோல ஏதோ ஒன்று கிடைக்கும் என்றுதான் பெரும்பாலான வேதியியலாளர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால், ஒழுங்கான படிகம் உருவானது. வைரம் அடர்த்தியானது, இதன் உள்ளேயோ பெரிய பெரிய வெற்றறைகள். 1989இல் அவர் இதை வெளியிட்டார்.

உலோக அயனி மூலைத்தூண். கரிம மூலக்கூறு இரண்டு தூண்களை இணைக்கும் உத்தரம். இத்தகைய பொருள்களுக்கு உலோகக் கரிமச் சட்டகம் என்று பெயர். ஆய்வாளர்கள் சுருக்கமாக 'மாஃப்' என்பார்கள்.

ராப்சனின் சட்டகங்கள் எளிதில் நொறுங்கின. எதற்குப் பயன்படும் என்ற கேள்வியும் இருந்தது. ஜப்பானின் சுசுமு கிட்டகாவா நிதி கேட்டு விண்ணப்பித்தபோது பலமுறை மறுக்கப்பட்டார். துளைகள் கொண்ட ஜியோலைட் என்ற கனிமம் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு? அவர் விடவில்லை. 1997இல் அவருடைய குழு செய்த சட்டகம், மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களை உள்ளிழுத்து, உருக்குலையாமல் மீண்டும் வெளியே விட்டது.

மூன்றாமவர் ஓமர் யாகி. ஜோர்தானின் அம்மான் நகரில், மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர். 1999இல் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட மாஃப்-5, காலியாக இருக்கும்போது 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் இடிந்து விழாது. அதன் தூண்கள் துத்தநாகமும் ஆக்சிஜனும் சேர்ந்த கொத்துகள். உத்தரம் டெரெப்தாலிக் அமிலத்திலிருந்து வருவது. நீங்கள் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மூலப்பொருள்களில் அதுவும் ஒன்று!

இரண்டு மூன்று கிராம் மாஃப்-5க்குள் ஒரு காற்பந்துத் திடலின் பரப்பு அடங்கியிருக்கிறது. எப்படி? ஒரு சர்க்கரைக் கட்டியில் வெளிப்புறத்திலுள்ள அணுக்கள் மட்டுமே மேற்பரப்பு. மற்றவை உள்ளே புதைந்து கிடக்கும். மாஃபிலோ ஏறக்குறைய எல்லா அணுக்களும் ஏதாவது ஓர் அறையின் சுவரில் நிற்கின்றன. அந்தச் சுவர்களில்தான் வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இவ்வளவு பெருமைக்கும் ஒரு குறை உண்டு. அது நமக்கு நன்றாகவே உறைக்கும். மாஃப்-5க்கு ஈரம் ஆகாது. நீர் மூலக்கூறுகள் துத்தநாகத்தோடு பிணைந்து, உத்தரங்களை இடம்பெயர்த்துவிடும், சட்டகம் சரிந்துவிடும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அதைத் திறந்து வைத்தால் கதை முடிந்தது.

இங்கேதான் இந்த ஆய்வின் அழகைப் பார்க்கிறேன். வீடு பழுதானால் ஒரு தூணை மாற்றலாம் அல்லவா? நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையே செய்தார்கள். உத்தரம் அதே டெரெப்தாலிக் அமிலம். தூணில் மட்டும் துத்தநாகத்துக்குப் பதில் ஸிர்கோனியம். ஸிர்கோனியம் அயனியின் மின்னூட்டம் +4, துத்தநாகத்துக்கு +2. ஆக்சிஜனை அது இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. 2008இல் வெளியான அந்தச் சட்டகம் நீரைத் தாங்கி நின்றது. அயனி மின்னூட்டம் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் அதே விஷயம்தான்.

உத்தரத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். ஸிர்கோனியமும் ஃபியூமாரிக் அமிலமும் சேர்ந்த மாஃப்-801ஐ வைத்து, யாகியின் குழு வறண்ட காற்றிலிருந்து நீர் எடுக்கும் கருவியை 2017இல் காட்டியது. இரவில் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். பகலில் வெயில் பட்டதும் நீராவியாக விட்டுவிடும். அதைக் குளிர்வித்தால் குடிநீர். கனடாவில் உருவான கால்ஃப்-20 என்ற சட்டகமோ, ஈரமான ஆலைப் புகையிலிருந்தும் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கிறது.

இன்று பல்லாயிரம் மாஃப்கள் உள்ளன. ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. சட்டகம் ஒரு வாயுவை மிக இறுக்கமாகப் பிடித்தால், அதை வெளியேற்ற நிறைய வெப்பம் தேவை. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் எரித்தால் மீண்டும் கரியமில வாயு. தளர்வாகப் பிடித்தாலோ போதுமான வாயு சிக்காது. எந்த உலோகம், எந்த உத்தரம், எவ்வளவு இறுக்கம்? ஆய்வுக்கூடங்களில் இப்போது நடப்பது இந்தத் தேடல்தான்.